நிஃப்டி பீஸ் – கோல்டு பீஸ் மாறி மாறி: 2020 மார்ச் சரிவைத் தவிர்க்க என்ன விதி சேர்க்கலாம்?

பொன்வண்டு:
வணக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எக்செல் தாளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் நல்ல பெயர் இல்லை.

நிஃப்டி பீஸ், கோல்டு பீஸ் இரண்டும் பங்குச்சந்தையில் பங்குபோல வாங்கி விற்கும் ஃபண்டுகள் (இ.டி.எஃப்.); முன்னது நிஃப்டி குறியீட்டையும் பின்னது தங்க விலையையும் பின்தொடர்கிறது. என் விதி எளிது. மாதத்தின் கடைசி வர்த்தக நாளில் நிஃப்டி பீஸ், கோல்டு பீஸ் இரண்டும் கடந்த 12 மாதங்களில் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று பார்க்கிறேன். எது முந்துகிறதோ அதில் மொத்தப் பணமும். அடுத்த மாதக் கடைசியில் மறுபடியும் அதே பார்வை. பின்தங்கினால் விற்றுவிட்டு மற்றதற்கு மாறுவது, இல்லையென்றால் அப்படியே இருப்பது. கோல்டு பீஸ் பங்குச்சந்தையில் பட்டியலான 2007 மார்ச்சிலிருந்து மாத முடிவு விலைகளை இறக்கி இதைச் சோதித்தேன்.

பணம் வளர்வதைக் காட்டும் வளைகோடு மிக அழகாக ஏறுகிறது. கண்ணை உறுத்துவது ஒரே இடம்தான்: 2020 மார்ச். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 23 சதவீதம் போய்விடுகிறது. அதைத் தடுக்க 200 நாள் சராசரியை (கடந்த 200 வர்த்தக நாள் விலைகளின் சராசரி) கூடுதல் விதியாகச் சேர்க்கலாமா, அல்லது 12 மாதத்தை 9 மாதமாகக் குறைக்கலாமா? கையில் 6 லட்ச ரூபாய் இருக்கிறது. அடுத்த மாதமே தொடங்கலாம் என்று எண்ணம்.

தெற்குவீதி:
200 நாள் சராசரி சேருங்கள் நண்பரே. நிஃப்டி அதற்குக் கீழே போனதும் தங்கத்துக்கு மாறிவிடலாம். 2020 பிப்ரவரி கடைசியிலேயே காப்பாற்றியிருக்கும்.

கணக்குவாத்தியார்:
கொஞ்சம் பொறுங்கள். மருந்தெழுதுவதற்கு முன் நாடி பார்க்க வேண்டாமா?

பொன்வண்டு, 2020 மார்ச்சில் நிஃப்டி 23 சதவீதம் சரிந்தது உண்மை (பிப்ரவரி முடிவில் 11,202, மார்ச் முடிவில் 8,598). ஆனால் அந்த மாதம் உங்கள் விதி நிஃப்டியில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 2019 பிப்ரவரியிலிருந்து 2020 பிப்ரவரி வரை நிஃப்டியின் ஏற்றம் 4 சதவீதம்கூட இல்லை. ரூபாயில் தங்கம் அதே காலத்தில் கால் பங்குக்குக் குறையாமல் ஏறியிருந்தது. நீங்கள் சொன்ன விதிப்படி பணம் தங்கத்தில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

வளைகோட்டுப் படம் வேண்டாம். 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை ஐந்து வரிகளை மட்டும் அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

பொன்வண்டு:
ஐயா, 2019 நவம்பர் முடிவில் தாள் தங்கம் என்று சொல்கிறது. டிசம்பர் முடிவில் நிஃப்டிக்கு மாறுகிறது. 12 மாத மாற்றம் என்ற பத்தியில் டிசம்பருக்கு நிஃப்டி பீஸ் கழித்தல் 89, கோல்டு பீஸ் கழித்தல் 99 என்று இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாமே அதே மாதிரிதான்.

எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. வளைகோட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தியை ஒரு முறைகூட உருட்டிப் பார்க்கவில்லை.

கணக்குவாத்தியார்:
வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019 டிசம்பரில் இரண்டு யூனிட்டுகளும் பிரிக்கப்பட்டன. நிஃப்டி பீஸ் ஒன்று பத்தானது. கோல்டு பீஸ் ஒன்று நூறானது. அதற்கு முன்பு ஒரு கோல்டு பீஸ் யூனிட் ஏறக்குறைய ஒரு கிராம் தங்கம். இப்போது அதில் நூறில் ஒரு பங்கு. நீங்கள் இறக்கிய விலைப்பட்டியலில் இந்தப் பிரிவு சரிசெய்யப்படவில்லை.

இப்போது என் கேள்வி வேறு. ஒரே மாதத்தில் தங்கம் 99 சதவீதம் விழுந்திருந்தால் உங்கள் 6 லட்சம் 6 ஆயிரமாகியிருக்கும். வளைகோடு தரையில் கிடந்திருக்கும். அது எப்படி உங்கள் கண்ணில் படாமல் போனது?

பொன்வண்டு:
பட்டது ஐயா. மாத லாபம் என்று இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வைத்திருக்கிறேன். 2019 டிசம்பரில் நிஃப்டிக்குக் கழித்தல் 90, தங்கத்துக்குக் கழித்தல் 99 வந்ததும் ஏதோ தரவுப் பிழை என்று அந்த இரண்டு கட்டங்களையும் கையால் திருத்திவிட்டேன். விலைப் பத்தியைத் தொடவில்லை. எதில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சிக்னல் விலைப் பத்தியிலிருந்து வருகிறது என்பது அப்போது தோன்றவே இல்லை.

கணக்குவாத்தியார்:
அதேதான். புண்ணுக்குக் கட்டுப்போட்டீர்கள், முள்ளை உள்ளேயே விட்டுவிட்டீர்கள்.

விளைவைப் பாருங்கள். 2019 டிசம்பர் முடிவிலிருந்து 2020 நவம்பர் முடிவு வரை, பன்னிரண்டு மாதங்களும் உங்கள் தாள் பிரிவுக்குப் பிந்தைய விலையைப் பிரிவுக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டிருக்கிறது. 99 சரிவைவிட 89 சரிவு மேல் என்று பன்னிரண்டு முறையும் நிஃப்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 2020 முழுவதையும் உங்கள் விதி தீர்மானிக்கவில்லை. யூனிட் பிரிவுதான் தீர்மானித்தது. சரியான விலைகளில் அந்த ஆண்டு முழுவதும் தங்கம்தான் வரும்.

தெற்குவீதி கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொன்ன 200 நாள் சராசரியைச் சேர்த்திருந்தால் தாள் நன்றாகவே காட்டியிருக்கும். நடக்காத நோய்க்கு மருந்து கொடுத்து, நோய் தீர்ந்தது என்று நாமும் நம்பியிருப்போம். அந்த விதி பிறகு பத்து ஆண்டுகள் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, தேவையில்லாத இடத்திலெல்லாம் பணத்தை இங்கும் அங்கும் அலைக்கழித்திருக்கும்.

தெற்குவீதி:
கோபமெல்லாம் இல்லை. என் தாளையும் ஒரு முறை திறந்து பார்க்கப் போகிறேன். அவ்வளவுதான்.

பொன்வண்டு:
திருத்திவிட்டேன். பிரிவுக்கு முந்தைய நிஃப்டி பீஸ் விலைகளைப் பத்தாலும், கோல்டு பீஸ் விலைகளை நூறாலும் வகுத்தேன். மார்ச் சரிவு மறைந்துவிட்டது! 2020இல் தங்கம் முழுக்கக் கைகொடுக்கிறது. இப்போது வளைகோட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தொடங்கிவிடலாமா?

ஆமைநடை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விடை கெட்டதாக வந்தபோது நாம் தாளைத் துருவினோம். விடை நன்றாக வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். எனக்கென்னவோ குறை சொல்ல ஒன்றுமில்லாத வளைகோடுதான் பயத்தைத் தருகிறது.

ஒரு வரி மட்டும் காட்டுங்கள்: 2009 செப்டம்பர். அந்த மாத லாபம் எந்தப் பத்தியிலிருந்து வருகிறது, நிஃப்டியா தங்கமா?

பொன்வண்டு:
நிஃப்டி. 9 சதவீத லாபம். ஏன்?

ஆமைநடை:
அந்த 9 சதவீதம் உங்களுக்குக் கிடைத்திருக்காது என்பதால்தான்.

2009 ஆகஸ்ட் முடிவில் நிஃப்டி 4,662. ஓராண்டுக்கு முன் 4,360. ஏற்றம் 7 சதவீதம். தங்கம் அப்போது அதைவிட வெகுதூரம் முன்னால். எனவே ஆகஸ்ட் 31 மாலை உங்கள் விதி சொல்வது தங்கம். செப்டம்பர் முழுவதும் நீங்கள் தங்கத்தில் இருக்கிறீர்கள். செப்டம்பர் 30 அன்று நிஃப்டி 5,084. ஓராண்டுக்கு முன் 3,921. ஏற்றம் கிட்டத்தட்ட 30 சதவீதம், இப்போதுதான் தங்கத்தை முந்துகிறது. மாற வேண்டியது செப்டம்பர் 30க்குப் பிறகு. நிஃப்டி லாபம் அக்டோபரிலிருந்துதான் உங்கள் கணக்கில் சேர வேண்டும்.

உங்கள் தாளோ செப்டம்பர் முடிவுச் சிக்னலையும் செப்டம்பர் மாத லாபத்தையும் ஒரே வரியில் வைத்துப் பெருக்கியிருக்கிறது. ஓட்டம் முடிந்த பிறகு ஜெயித்த குதிரையின் மேல் பணம் கட்டியதற்குச் சமம். சிக்னல் பத்தியை ஒரு வரி கீழே இறக்குங்கள். இந்த வேலையில் இதைவிடப் பழைய பிழை கிடையாது. நானும் செய்திருக்கிறேன், நான்கு மாதம் தெரியாமலே.

கவனியுங்கள், மாற்றம் நடக்காத மாதங்களில் இந்தப் பிழை எதையும் கெடுக்காது. போன மாதமும் தங்கம், இந்த மாதமும் தங்கம் என்றால் எந்த வரியை எடுத்தாலும் ஒன்றுதான். திருப்புமுனை மாதங்களில் மட்டும்தான் கடிக்கும். ஆனால் இப்படிப்பட்ட முறையின் லாபமெல்லாம் அந்தத் திருப்புமுனைகளில்தானே இருக்கிறது!

பொன்வண்டு:
ஒரு வரி இறக்கினேன். வளைகோட்டின் மினுக்கம் போய்விட்டது. கெட்டுப்போகவில்லை, ஆனால் ஊருக்குக் காட்டும் அழகு இல்லை.

வரிக்கட்டு:
அழகைக் கெடுக்க நானும் என் பங்குக்கு வருகிறேன். வருமான வரியைக் கழித்தீர்களா?

மாதிரிக்கு ஒரு கணக்கு. 6 லட்சம் தங்கத்தில் இருக்கிறது. எட்டு மாதத்தில் 20 சதவீதம் ஏறி 7.2 லட்சமாகிறது. சிக்னல் மாறுகிறது, விற்கிறீர்கள். 12 மாதம் ஆகவில்லை. எனவே 1.2 லட்ச லாபமும் உங்கள் வருமானத்தோடு சேரும். நீங்கள் 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், வரிமேல் வரியான செஸ்ஸும் சேர்த்து 37,440 ரூபாய். நிஃப்டிக்குப் போவது 7.2 லட்சம் அல்ல, 6,82,560. இதுவே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீத வரி, செஸ்ஸோடு 15,600தான். நிஃப்டி பீஸைப் பொறுத்தவரை 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். அதற்கு மேல் 12.5, அதிலும் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு. தங்கத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

இன்னொரு சிக்கல், எந்த ஆண்டின் வரிச் சட்டத்தை வைத்துச் சோதிப்பது? 2018 வரை பங்குச் சார்ந்த நீண்டகால லாபத்துக்கு வரியே இல்லை. குறுகியகால வரி 15 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலை 23 அன்று 20 ஆனது. தங்க இ.டி.எஃப். கதை இன்னும் விசித்திரம்: ஒரு காலத்தில் மூன்று ஆண்டு வைத்திருந்தால் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் வாங்கியதற்கு எத்தனை நாள் வைத்திருந்தாலும் வருமான அடுக்கின்படி வரி, 2025 ஏப்ரலிலிருந்து இப்போதைய முறை. நான் இன்றைய விகிதங்களையே பழைய ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் போடுவேன். நாம் வாங்கப் போவது நேற்று அல்ல, நாளை.

சிறுதுளி:
இ.டி.எஃப். வேண்டாம், மியூச்சுவல் ஃபண்டிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 'ஸ்விட்ச்' கொடுத்தால் வரி வராது என்று ஒருவர் சொன்னாரே?

வரிக்கட்டு:
தவறு. ஸ்விட்ச் என்றாலும் வரித்துறைக்கு அது விற்பனைதான். சில பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் 1 சதவீதம் பிடித்தமும் உண்டு. தவிர, எந்த நாளின் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு) கிடைக்கும் என்பது மூன்று மணிக் கெடுவையும் பணம் போய்ச் சேர்வதையும் பொறுத்தது. தாளில் அதே நாளில் விற்று அதே நாளில் வாங்கியதாகப் போட்டுக்கொள்ளலாம்; நிஜத்தில் நடுவில் ஓரிரு நாட்கள் தொங்கும்.

பழையபேரேடு:
2009 பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். தம்பி பொன்வண்டு, உங்கள் தாளில் 2009 மே மாத வரியை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதையே பாருங்கள்.

தேர்தல் முடிவு சனிக்கிழமை வந்தது. திங்கள், மே 18. காலையில் சந்தை திறந்ததும் நிஃப்டி, வர்த்தகத்தை நிறுத்தும் மேல் வரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. இடைவேளைக்குப் பின் திறந்தார்கள், மறுபடியும் வரம்பு, அன்றைய வர்த்தகமே முடிந்தது. மொத்தத்தில் சில விநாடிகள்தான் வணிகம். முடிவு 4,323, ஒரே நாளில் 651 புள்ளி, 17.7 சதவீதம். நான் அன்று தரகர் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாங்க ஆள் இருந்தது, விற்க ஆள் இல்லை. கையில் காசோலையை வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தினசரி விலைகளில் சோதிப்பவர்கள் அந்த நாளின் முடிவு விலையில் வாங்கியதாகக் கணக்கு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். யாரிடம் வாங்கினார்கள்? 

உங்கள் மாத முறையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. ஏப்ரல் முடிவில் நிஃப்டி ஓராண்டுக் கணக்கில் 33 சதவீதம் கீழே. விதி சொல்வது தங்கம். மே மாதம் நிஃப்டி 28 சதவீதம் ஏறுகிறது, நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். மே முடிவிலும் தங்கம்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், எல்லாம் தங்கம்தான். பிப்ரவரி முடிவில் 2,764ஆக இருந்த நிஃப்டி 5,084க்குப் போன பிறகு, செப்டம்பர் முடிவில் விதி உங்களைக் கூப்பிட்டு இப்போது வாங்கு என்கிறது. ஏழு மாதத்தில் 84 சதவீதம் போன பிறகு! தாளில் அது ஏழு வரி. விரலால் உருட்டினால் ஒரு நொடி. வீட்டில் அது ஏழு மாதச் சாப்பாட்டு மேசை. மைத்துனன் நிஃப்டியில் வைத்திருப்பான். அவன் எதுவும் சொல்ல மாட்டான். காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அது போதும்.

பொன்வண்டு:
மைத்துனன் விஷயம் எப்படித் தெரிந்தது உங்களுக்கு?

பழையபேரேடு:
எல்லோருக்கும் ஒருவன் இருக்கிறான்.

ஆமைநடை:
பழையபேரேடு ஐயா சொன்னதோடு தொடக்கப் புள்ளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோல்டு பீஸ் விலை 2007 மார்ச்சிலிருந்து. 12 மாதம் பின்னால் பார்க்கும் விதி என்பதால் முதல் சிக்னலே 2008 மார்ச் முடிவில்தான் வரும். அதாவது உங்கள் சோதனை தொடங்குவது சரியாகப் பெருஞ்சரிவின் வாசலில். அந்த மார்ச் முடிவில் நிஃப்டி 4,735. அக்டோபர் முடிவில் 2,886. மாறும் முறை எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் தொடங்கினால் நிஃப்டியை ஜெயித்துவிடும். முதல் ஆண்டிலேயே கிடைத்த முன்னிலை கடைசி வரை வளைகோட்டைத் தூக்கிப் பிடிக்கும். 2012இலிருந்து தொடங்கிப் பாருங்கள். வேறு படம் தெரியும். ரூபாயில் தங்கம் 2012 முடிவில் இருந்த இடத்துக்கு அருகிலேயே 2018 முடிவிலும் நின்றது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2008 ஏப்ரல் முடிவைப் பாருங்கள். நிஃப்டியின் ஓராண்டு ஏற்றம் 26 சதவீதம். லண்டன் தங்க விலையை ரூபாயாக்கிப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய 26. மயிரிழை. அன்று காலை விலையை எடுத்தீர்களா மாலை விலையா, யூனிட் விலையா என்.ஏ.வி.யா என்பதைப் பொறுத்து மே மாதம் நீங்கள் நிஃப்டியிலோ தங்கத்திலோ இருப்பீர்கள். மே மாதம் நிஃப்டி 6 சதவீதம் விழுந்தது. அதைத் தப்பியது திறமையா, தசமப் புள்ளிக்குப் பிந்தைய எண்ணா? அதனால்தான் மாதக் கடைசியோடு நிற்காமல் 5, 10, 15 தேதிகளிலும், 12 மாதத்தோடு நிற்காமல் 9, 10, 11, 13 மாதங்களிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். சிறந்த எண்ணைப் பொறுக்க அல்ல. பக்கத்து எண்களிலும் கூரை நிற்கிறதா என்று பார்க்க.

சிறுதுளி:
2007க்கு முன்னால் போக வேண்டுமென்றால் டாலர் தங்க விலையைப் பயன்படுத்தலாமா?

கணக்குவாத்தியார்:
ரூபாயாக்காமல் பயன்படுத்தினால் விபரீதம். 2008ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். டாலரில் தங்கம் அந்த ஆண்டு 5 சதவீதம்கூட ஏறவில்லை. ரூபாய் 39இலிருந்து 48க்குச் சரிந்தது, அதனால்தான் நமக்குத் தங்கம் கால் பங்குக்கு மேல் ஏறியதாகத் தெரிந்தது. 2013இல் டாலரில் தங்கம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. இங்கே ரூபாய் சரிவும், 10 சதவீதம் வரை படிப்படியாக உயர்த்தப்பட்ட இறக்குமதி வரியும் அந்த அடியைத் தாங்கிக்கொண்டன. தலைகீழாகவும் நடக்கும்: 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்த அன்று, உலகச் சந்தையில் ஒன்றும் நடக்காமலே உள்ளூர் விலை சறுக்கியது. நாம் சோதிப்பது தங்கத்தை மட்டுமல்ல. ரூபாயையும் நிதியமைச்சகத்தையும் சேர்த்துத்தான்.

நிஃப்டியை நீட்டுவதென்றால் டிவிடெண்ட் சேர்ந்த டி.ஆர்.ஐ. குறியீட்டை எடுங்கள். வெறும் குறியீட்டை எடுத்தால் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் நிஃப்டிக்குத் துரோகம் செய்கிறீர்கள், தங்கம் சும்மா ஜெயிக்கும். ஃபண்டுகள் தங்களை டி.ஆர்.ஐ.யோடுதான் ஒப்பிட வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே 2018 பிப்ரவரியில் கட்டாயமாக்கிவிட்டது; நமக்கு மட்டும் என்ன சலுகை?

கடைசியாக, உங்கள் முறையை நிஃப்டியோடு ஒப்பிடாதீர்கள் பொன்வண்டு. பாதி நிஃப்டி, பாதி தங்கம், ஆண்டுக்கொரு முறை சமன் செய்வது: இதோடு ஒப்பிடுங்கள். அதற்குச் சிக்னல் வேண்டாம், மூன்று ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வரியும் குறைவு. அதைத் தாண்டி எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் விதி சம்பாதித்தது.

பொன்வண்டு:
இரண்டு இரவுகள் எடுத்தேன். டி.ஆர்.ஐ. போட்டேன், சிக்னலை ஒரு வரி இறக்கினேன், வரிக்கட்டு சொன்னபடி இன்றைய விகிதங்களில் வரி கழித்தேன். பாதிப் பாதி கணக்கையும் பக்கத்திலேயே ஓட்டினேன். எண்களை இங்கே போடவில்லை, ஏனென்றால் தொடக்க மாதத்தை மாற்றும்போதெல்லாம் வெற்றி தோல்வி இடம் மாறுகிறது. 2008இல் தொடங்கினால் நான் மேல். 2012இல் தொடங்கினால் வரிக்குப் பிறகு வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

6 லட்சத்தில் 5 லட்சத்தைப் பாதிப் பாதியாகப் போடுகிறேன். ஒரு லட்சம் மட்டும் என் விதிக்கு. மாதக் கடைசியில் சிக்னலை நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி, மறுநாள் எந்த விலையில் கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதப் போகிறேன். எக்செல் என்றால் பிறகு திருத்தத் தோன்றும்.

ஆமைநடை:
மறுநாள் எத்தனை மணிக்கு என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். சந்தை திறந்த முதல் பத்து நிமிடம் வேண்டாம். சந்தை விலையில் ஆர்டர் போடாமல் வரம்பு விலை (இதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்ற விலை) போடுங்கள், அதற்கு முன் ஐ.என்.ஏ.வி.யை (வர்த்தக நேரத்தில் காட்டப்படும் யூனிட்டின் உள் மதிப்பு) பாருங்கள். 2025 அக்டோபரில் வெள்ளி இ.டி.எஃப்.களை உள்ளே இருந்த வெள்ளியின் மதிப்பைவிட வெகு அதிகமாகக் கொடுத்து வாங்கினார்கள்.

பொன்வண்டு:
பதினோரு மணி. அப்போது எனக்கு அலுவலகத்தில் டீ இடைவேளை. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

பழையபேரேடு:
மைத்துனனிடம் சொல்ல வேண்டாம்.